அக்காவை யாரும் விட்டுவிட்டு வரவில்லை

ஐயா, அம்மா, வணக்கம்.

நமுனுகுல மலையின் இந்தப் பக்கத்தில் என்னோடு ஒரே காலத்தில் பிறந்து, ஒரே காலத்தில் நரைத்துப்போன உங்களை முன்னிட்டே இதனை எழுதத் துணிந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலிட்டுப் பார்த்துக்கொண்டு, ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி காணாதவள். பிற்பாடு கற்றதெல்லாம் என் சொந்த முயற்சி. ஆதலால் வாக்கியங்களில் குறை கண்டால் பொறுத்தருள்க. பொருளில் குறை இராது.

எங்கள் தகப்பனாரைப் பற்றி நமது தோட்டத்தில் ஒரு பேச்சு வழங்கி வருவது உங்களுக்குத் தெரியும். யாராவது பதுளைக் கடைத்தெருவுக்குப் போய்க் குடையை மறந்துவிட்டு வந்தாலும், "ஊட்டி பாக்கப் போயி மகளை விட்டுட்டு வந்த ஆளு மாதிரி" என்று சிரிப்பார்கள். அவரைக் கண்ணால் பார்த்திராத இளம்பிள்ளைகளும் இதைச் சொல்கிறார்கள். அண்மையில் தெமோதரை பஸ் தரிப்பிடத்தில், என் பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு பையன் தன் தோழனிடம் சொன்னான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பேச்சு உண்மையன்று. அது என் தகப்பனாருக்கும் நியாயம் செய்யவில்லை, என் அக்காவுக்கும் நியாயம் செய்யவில்லை. நடந்ததைக் கண்ணால் கண்டவர்களில் இலங்கையில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான்.

அப்போது எனக்குப் பால்பற்கள் விழுந்து முடிந்த வயது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தோட்டத்தில் பேர் பதிந்து, கூடை சுமந்து, மலையில் முன் நிரையில் நிற்கும் கொழுந்துக்காரி. எங்களுக்கு நடுவே பிறந்தவை தங்கவில்லை. ஆகையால் எனக்குத் தலை சீவியதும், சட்டைக்குப் பொத்தான் தைத்ததும், இடி இடித்தால் காதைப் பொத்தியதும் அக்காதான். அம்மாவைக் கூப்பிட வேண்டிய இடத்திலும் நான் அக்காவைத்தான் கூப்பிடுவேன்.

அப்பாவின் ஒரே தங்கை, எங்கள் அத்தை, அதற்குச் சில வருடங்கள் முன்னரே இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு இந்தியா போய்விட்டார். அப்பாவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. அத்தையின் வீட்டாருக்கு அந்த நாட்டுடையது கிடைத்தது. ஒரே லயத்து வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள் அப்படித்தான் இரண்டு நாட்டவர் ஆனார்கள். தெமோதரை ஸ்டேஷனில் வண்டி நகரும்போது, அத்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மூத்தவளைத் தன் மகனுக்கே தரவேண்டும் என்று கேட்டாராம். அப்பா வண்டியோடு கூடவே ஓடி, சரி என்றாராம்.

அந்த வாக்கை நிறைவேற்றவே நாங்கள் புறப்பட்டோம். ஆனால் முடிவாகாத சம்பந்தத்தை ஊரில் பரப்பக்கூடாது என்பது நம்மவர்களின் வழக்கம் அல்லவா? கேட்டவர்களிடம் அப்பா, தங்கச்சி ஊட்டிப் பக்கம் இருக்கிறாள், மலையைப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொல்லி வைத்தார். லயமே சிரித்தது. கங்காணியார் எங்கள் வாசலுக்கு வந்து, "ஏன்டா, இங்க என்ன கடற்கரையிலயா குடியிருக்க, மலை பாக்கக் கப்பல் ஏறுற?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் பிற்பாடு அந்தப் பேச்சு முளைத்தது.

பயணத்துக்கு எப்படி வழி செய்தார் என்பது என் வயதுக்கு எட்டாத விஷயம். எங்கள் மாட்டுப்பட்டி வெறுமையாகிவிட்டிருந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆவணி நெருங்கும் காலம். நமது பக்கத்தில் அப்போது கச்சான் காற்று வீசும். புல் காய்ந்து, உதடு வெடித்து, வானம் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். அந்த வறண்ட காற்றில் வாடிய கொழுந்துக்குத்தான் ஊவாவின் அந்தத் தனி வாசம் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், சல்லடைப் பகுதியில் வேலை செய்தவர். சீசன் காலத்தில் அவருடைய சட்டையை மோந்து பார்த்தால் பச்சைப்புல்லும் மருக்கொழுந்தும் சேர்ந்தாற்போல் மணக்கும். நமக்குப் பங்கீடாகக் கிடைத்ததெல்லாம் தரையில் கூட்டிய தூசிதான்; நல்ல தூள் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். ஆயினும் டீமேக்கர் ஐயா அப்பாவின் மேல் விருப்பமுள்ளவர். தங்கை வீட்டுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, அந்த வாரத்துச் சீசன் தூளில் ஒரு டின் நிறையக் கொடுத்தனுப்பினார். மூடியில் யானைப் படம் போட்ட பிஸ்கட் டின். அப்பா அதை ஒரு துவாலையில் சுற்றி, வழி முழுவதும் மடியிலேயே வைத்திருந்தார்.

பொல்காவலையில் வண்டி மாறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, அப்புறம் மீண்டும் வண்டி, பஸ். கடலைப் பற்றி எனக்கு நினைவிருப்பது அம்மா வாந்தியெடுத்ததும் அக்கா என் கையை விடாமல் பிடித்திருந்ததும்தான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அப்பாவுக்கு உயிர் வந்தது. தேயிலை தெரியத் தொடங்கியவுடன், பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, கவ்வாத்து வெட்டு சரியில்லை, செடியின் மட்டம் சரியில்லை, என்று ஒவ்வொரு மலையையும் பரிசீலனை செய்துகொண்டு வந்தார்.

அத்தையின் வீடு கோத்தகிரிக்கும் உதகைக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் இருந்தது. இலங்கையிலிருந்து போனவர்கள் பலருக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. நாங்கள் வெயிலை விட்டுப் போய் மழையில் இறங்கினோம். நமது பக்கம் காயும் காலத்தில் அந்தப் பக்கம் நனையும் என்பது எங்களுக்குத் தெரியாது. தைலமரத்தின் வாசமும், ஈரக் கம்பளியின் வாசமும், விறகு எரியாமல் புகையும் வாசமும் கலந்த அந்தக் காற்று இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அத்தை எனக்கு ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி வாங்கித் தந்தார். உச்சியில் நூற்பந்து ஆடும். திரும்பும்போது கப்பலில் காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

தொப்பி தந்தாலும் அத்தையை எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் வாய் திறந்தாலே திருத்துவார். ஸ்டோர் என்று சொல்லக்கூடாது, பேக்டரி என்று சொல்லவேண்டும். தேத்தண்ணி என்று சொல்லக்கூடாது, டீ என்று சொல்லவேண்டும். கடையில் சாமான் வாங்கும்போது நாங்கள் பேசாமல் நிற்கவேண்டும். அம்மா முகம் சுளித்தார். "கப்பலேறிப் போயி நாலு வருசத்துல தொரசாணி ஆயிட்டா" என்று அக்காவின் காதில் சொன்னார். பயணம் தொடங்கியதிலிருந்தே அக்கா எதற்கும் பதில் சொல்வதில்லை. எவரும் அவருடைய சம்மதத்தைக் கேட்கவுமில்லை.

ஒருநாள் அத்தையின் கணவரான மாமா எங்களை ஊட்டி காட்ட அழைத்துச் சென்றார். ஏரியில் படகு பார்த்தோம், ஏறவில்லை. பூங்காவில் புல்லின்மேல் நடக்கக்கூடாதென்று எழுதியிருந்தது. புல்லின்மேல் நடக்காமல் எப்படி மலையில் இருப்பது என்று எனக்குப் புரியவில்லை. வர்க்கி என்றொரு மொறுமொறுப்பான பண்டம் வாங்கித் தந்தார்கள்; அதன் தூள் கழுத்துக்குள் விழுந்து அரித்தது. கடைசியாக, எல்லா ஊர்ச் சனங்களும் வந்து மலைகளைப் பார்க்கும் ஒரு முனைக்குப் போனோம். அங்கே வெண்மையைத் தவிர ஒன்றுமில்லை. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் உலகம் முடிந்துபோயிருந்தது. ஆயினும் சனங்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையாக அந்த வெண்மையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். படம் பிடிக்கும் ஒருவர் தன் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்துக்கொண்டு, மேகம் இப்போது விலகிவிடும், இருங்கள், என்று எல்லோரையும் தேற்றிக்கொண்டிருந்தார்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "மச்சான், இவுங்கல்லாம் பஸ்ஸுக்கா நிக்கிறாங்க?"

"இல்ல மச்சான். மலை பாக்க."

"மலை எங்க?"

"அந்தா, மேகத்துக்குப் பின்னால இருக்கு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நம்ம காம்பராக் கதவத் தொறந்தா மூஞ்சியில இடிக்குது. அத பாக்க கடலு தாண்டி வந்தும் காட்ட மாட்டேங்கிறாங்களே" என்றார்.

அப்போது பனி இன்னும் அடர்ந்தது. பக்கத்தில் நின்ற சனங்களும் மறைந்தார்கள். எங்கள் குடும்பம் மட்டும் ஒரு வெள்ளைத் துணிக்குள் நிற்பதுபோல் ஆனது. அத்தை சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு, நாங்கள் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, பழைய குரலில் பேசினார்.

"அண்ணே, தெமோதரையில ரயிலு இன்னமும் அந்தச் சுத்து சுத்தி, தன் காலுக்கு அடியிலயே பூந்துதான் போகுதா?"

"நிமுத்தி வைக்க ஆளு தேடிக்கிட்டிருக்காங்க" என்றார் அப்பா.

அத்தை சிரித்த சிரிப்பில் அவருடைய தோள் குலுங்கியது. காலையில் ஆள் கூடும் பெரட்டுக்கு இன்னமும் தப்பு அடிக்கிறார்களா, மாரியம்மன் கோயில் வாகை மரம் நிற்கிறதா, தன் காம்பராவில் இப்போது யார் இருக்கிறார்கள், அடுப்புக்கு மேல் தான் கட்டிய கயிறு அப்படியே இருக்கிறதா, என்று அடுக்கிக்கொண்டே போனார். மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பனிக்குள்ளிருந்து யாரோ ஒரு குடும்பம் குடையோடு வெளிப்பட்டவுடன், அத்தையின் வாய் வார்த்தையின் நடுவில் நின்றது. பிறகு வேறு குரலில், "நேரமாச்சுங்க, பஸ் போயிடும்" என்றார். அக்கா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. அதட்டலென்று நாங்கள் எண்ணியது அச்சம் என்பதை எங்கள் எல்லோரிலும் முதலில் கண்டுகொண்டவர் அக்காவே.

அத்தைக்கு என்ன அச்சம் என்றால், சிலோன்காரி என்ற பெயர். தண்ணீர்க் குழாயடியிலும் கடையிலும் அந்தப் பெயர் சொல்லித்தான் அவரை ஒதுக்கினார்கள். கப்பலில் இறங்கிய நாளில் மாமாவின் குடும்பத்துக்குக் கூரை தந்தவர்கள், கடல் தாண்டாமல் திருச்சிப் பக்கத்துக் கிராமத்திலேயே இருந்துவிட்ட மாமாவின் அண்ணனும் தம்பியும். அவர்கள் இல்லாவிட்டால் மாமாவுக்கு அந்த நாட்டில் ஒருவருமில்லை. அவர்களுடைய சம்மதத்தோடுதான் கலியாணம் நடக்கவேண்டும். அதைப் பேசி முடிக்க அவர்கள் இருவரும் மலை ஏறி வருவதாக ஒரு வெள்ளிக்கிழமை குறிக்கப்பட்டது.

அந்தப் பின்னேரம் அத்தை வீட்டை மெழுகித் துடைத்து, வெற்றிலைத் தட்டு வைத்து, பாலைக் காய்ச்சினார். பால் திரிந்துவிட்டது. விருந்தினர் பஸ்ஸில் இறங்கி மேடு ஏறிவரும் நேரம். அத்தை ஒரு செம்பை எடுத்துக்கொண்டு, மழையில் கீழ் வரிசை வீடுகளுக்குப் பால் தேடி ஓடினார். அதற்குள் அவர்கள் வந்து பாயில் அமர்ந்துவிட்டார்கள். மாமாவின் அண்ணன் ஒல்லியான, பேச்சுக் குறைந்த மனிதர். தோளில் ஈரத் துண்டு. தம்பி கலகலப்பானவர், வந்தவுடனே என்னைப் பார்த்து, சிலோனில் எல்லாரும் இவ்வளவு குட்டையா என்று கேட்டார்.

அடுக்களையில் அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, பாலுக்குக் காத்திருக்கலாமா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா டின்னைத் திறந்தார். அந்தப் புகைந்த அடுக்களைக்குள் நமது மலையின் காற்று வந்து நின்றது.

"பால் எதுக்கு? சீசன் தூளு இது. இதுக்குப் பால் ஊத்துறது, கண்ணு தெரியுறவனுக்குக் கையப் பிடிச்சு வழி காட்டுற மாதிரி. நல்லா நெறம் எறக்கி, வெறுமனே குடு. சீனிய தனியா வையி" என்றார்.

ஐயா, இதில் அவருடைய பிழை என்ன? நமது லயங்களில் பால் குழந்தைக்கும் நோயாளிக்கும் உரியது. பிறப்பு வீட்டிலும் இறப்பு வீட்டிலும், மணவீட்டிலும், வெறுஞ்சாயந்தான். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். அதிலும் சீசன் தூளின் சாயத்தைப் பால் கலவாமல் ஒருவருக்குக் கொடுப்பது, நம்மிடம் உள்ளதில் மேலானதைக் கொடுப்பது. துரைமார்கூட அப்படித்தான் சுவை பார்ப்பார்கள் என்பது ஸ்டோரில் வேலை செய்த ஒருவருக்குப் பெருமை. அந்தப் பெருமையைத்தான் அவர் கடல் தாண்டிச் சுமந்து போயிருந்தார்.

அக்கா தலை குனிந்தபடியே தட்டைக் கொண்டுபோய் வைத்தார். டம்ளர்களில் செம்பொன் நிறம். ஒரு சிறு தட்டில் சீனி.

மாமாவின் அண்ணன் டம்ளரைக் கையில் எடுத்தார். பார்த்தார். கீழே வைத்துவிட்டார்.

அவர் சுவை தெரியாமல் தயங்குகிறார் என்று அப்பா எண்ணிவிட்டார். முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "சும்மா குடிச்சுப் பாருங்க மச்சான். சீனிய கையில வச்சுக்கிட்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு" என்று தன் உள்ளங்கையை நீட்டிக் காட்டினார்.

"எங்க பக்கம்" என்றார் அவர், மிகத் தாழ்ந்த குரலில், "கேதம் விழுந்த வீட்லதாங்க பால் ஊத்தாம குடுப்பாங்க."

மாமாவின் முகம் வெளுத்தது. நாலு வருடம் அங்கே வாழ்ந்தும் அவர் அடுக்களையைக் கவனிக்கவில்லை. தம்பி டம்ளரைக் காலால் தள்ளாத குறையாகத் தள்ளினார். "சிலோன்ல கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே தண்ணி போல இருக்கு" என்றார்.

அந்த நேரத்தில்தான் அத்தை வாசலில் வந்து நின்றார். தலை நனைந்திருந்தது. கையில் செம்பு, அதன் வாயில் வாழையிலைத் துண்டு. பாயையும் டம்ளர்களையும் அப்பாவின் நீட்டிய கையையும் பார்த்தார். தம்பி சொன்னதும் அவர் காதில் விழுந்திருந்தது. செம்பை நிலைப்படியின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். பாலை விட்டுக் கலந்து, மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் சரிசெய்து விடுவார் என்று நான் நினைத்தேன். அவர் குனிந்து, தம்பி தள்ளிவிட்ட டம்ளரை எடுத்தார். இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டினார். ஒரு நக்கு நக்கி, ஒரு மடக்குக் குடித்தார். மூன்று முறை அவ்வாறே செய்து, டம்ளரைக் காலி செய்தார்.

"கருமாதித் தண்ணி இல்லீங்க, கொழுந்தனாரே" என்றார். அது பனிக்குள் கேட்ட அதே குரல். "நான் பொறந்து வளந்தது இந்தத் தேத்தண்ணியிலதான். எங்க அண்ணன் கடலு தாண்டிக் கொண்டாந்த சீரு. நல்ல காரியம்னா நாந்தான் மொதல்ல குடிக்கணும்."

பெரியவர் எழுந்துகொண்டார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. துண்டை உதறி, போய் வருகிறோம் என்றுகூடச் சொல்லாமல் மேட்டை இறங்கினார். தம்பி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டுப் பின்தொடர்ந்தார். மாமா குடையை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினார். பெரியவர் அந்த வருடத்துக்குள்ளேதான் வயது வந்த மகளைப் பறிகொடுத்தவர் என்பதும், மகளுக்காக அழ வந்தவர்களுக்கு அவரே அந்த வெறுஞ்சாயத்தைக் கொடுத்தவர் என்பதும் பிற்பாடு அம்மாவுக்குத் தெரிய வந்தது. அவர் டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்ததை நான் கர்வம் என்று எண்ணியிருந்தேன்.

அப்பா டின்னின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கோ உள்ளூர ஒரே ஆனந்தம்: அக்கா எங்களோடு திரும்பி வந்துவிடுவார்.

அப்போது அத்தான் வந்தார். அவர்தான் அக்காவுக்குப் பேசப்பட்ட மாப்பிள்ளை. மேல் மலையில் மருந்தடிக்கும் வேலை. பேச்சு முடிந்த பிறகு வந்து வெற்றிலை வாங்குவதே முறை என்பதால் அவர் வேலைக்குப் போயிருந்தார். தலை முதல் கால் வரை நனைந்து, குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள உள்ளே நுழைந்தவர், நடந்தது ஒன்றும் அறியாமல், பாயின்மேல் ஆறிக்கிடந்த டம்ளர்களைக் கண்டார். ஒன்றை எடுத்துக் குடித்தார். அடுத்ததையும் எடுத்தார். சீனித் தட்டைப் பக்கத்தில் இழுத்து, சின்னப் பிள்ளைபோல் விரலில் தொட்டு நக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் குடித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம ஊரு வாசம் அடிக்குது. சூடா இல்லியா?" என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். தெமோதரையில் வண்டி ஏறியதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே உள்ளே போய் அடுப்பை ஊதினார்.

மறுநாள் காலையில் அம்மா பெட்டியைக் கட்டினார். அம்மாவின் கைகள் விரைவாக வேலை செய்தன. அவருக்கும் மகளை அக்கரையில் விட விருப்பமில்லை. அப்பா வாசற்படியில் அமர்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அத்தை அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அக்கா பெட்டிக்குள்ளிருந்து தன் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

"அப்பா, என்னோடதக் கட்ட வேணாம். நான் இருக்கேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "அவுங்கதான் வேணாம்னுட்டுப் போயிட்டாங்களே, புள்ள."

"அவுங்கதானே போனாங்க" என்றார் அக்கா. "அத்தை போகலையே."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைத் தடுத்து, "எனக்கு அவர புடிச்சிருக்கும்மா" என்றார். அவ்வளவு வெளிப்படையாக ஒரு பெண் தன் தகப்பன் முன்னிலையில் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அத்தானின் தலை ஜன்னலுக்கு வெளியே சட்டென்று மறைந்தது.

அடுத்த முகூர்த்தத்தில், மலைமேல் இருந்த சின்ன முருகன் கோயிலில் தாலி கட்டினார்கள். மழை பெய்துகொண்டேயிருந்தது. மாமாவின் அண்ணனும் தம்பியும் வரவில்லை. குழாயடியில் அத்தையை ஒதுக்கிய இரண்டு பெண்கள் வந்து குலவையிட்டார்கள்; ஏன் வந்தார்கள் என்று நான் அறியேன். பெரியவர் பல வருடங்கள் கழித்து, அக்காவின் மூத்த பிள்ளைக்குக் காது குத்தும்போது வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாராம்.

அப்பாவின் லீவு முடிந்தது. பஸ் புறப்படும்போது அக்கா அழவில்லை. நான் அழுத அழுகையில் மற்றவர்கள் அழுதார்களா என்று பார்க்கவும் இயலவில்லை. அம்மா ஜன்னல் வழியாக, "மழையில தலைய நனைக்காத" என்று மட்டும் சொன்னார். அப்பா எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று மலைகள் தெளிவாகத் தெரிந்தன. அவர் கவ்வாத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மகள் எங்கே என்று லயம் கேட்டது. கலியாணம் என்று சொன்னால், எங்களிடம் மறைத்தாயே என்றார்கள். தேத்தண்ணிக் கதை எப்படியோ வெளியே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனதும் வந்தது. போனவர்கள் போன பிறகும் பெண்ணை அங்கே ஏன் விட்டான் என்பதற்கு அவரவர் ஒரு விடை வைத்துக்கொண்டார்கள். கங்காணியாரின் சிரிப்பும் அதனோடு சேர்ந்து அந்தப் பேச்சு உருவாயிற்று.

அதைவிடக் கொடியது அப்பாவின் சொந்த விடை. அக்கா சொன்னதைத் தம் காதால் கேட்டவர், அதை நம்பவில்லை. தாம் செய்த பிழையால் சம்பந்தம் முறிந்து, அந்த அவமானத்தோடு தாம் ஊர் திரும்பக்கூடாது என்பதற்காகவே மகள் பிடித்திருக்கிறது என்று சொன்னாள் என்று அவர் எண்ணினார். கச்சான் காற்று வீசத் தொடங்கினால், ஸ்டோரிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்து, "என் முகத்துக்காக அந்தப் புள்ள அப்பிடிச் சொல்லிருச்சு" என்பார். அம்மாவும் அவரை மறுத்துச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அதுவே உண்மையாக இருந்தது. மகள் தன்னை விட்டு இருக்க விரும்பினாள் என்பதைவிட அது தாங்கக்கூடியதாக இருந்திருக்கும் என்று இப்போது எண்ணுகிறேன். பிறகு கப்பல் நின்றது. நாட்டில் கெட்ட காலங்கள் வந்தன. அக்கா வர இயலவில்லை. நாங்கள் போக இயலவில்லை. அப்பா கண்மூடினார். அம்மாவும் போனார்.

இப்போது அக்காவின் பேரன் தன் தொலைபேசியில் முகம் தெரியும்படி எங்களைப் பேச வைக்கிறான். அக்காவுக்குப் பற்கள் இல்லை. எனக்கும் சில இல்லை. இரண்டு மலைகளிலும் சுற்றுலாக்காரர்கள் பெருகிவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறோம். பக்கத்து ஊரான எல்லயில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ரயில் பாதையில் நின்று படம் எடுப்பதைச் சொன்னால் அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார். அத்தான் பின்னாலிருந்து, கொழுந்தியா சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போவார். அத்தை கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது, தெமோதரைப் பேச்சைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லையாம். எதிரே இருந்து கேட்க அக்கா ஒருவர்தான் இருந்தாராம்.

சென்ற மாதம் அக்கா திடீரென்று, அப்பா தன்னைப் பற்றிக் கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டார். இத்தனை காலமும் நான் சொல்லாமல் தவிர்த்ததைச் சொன்னேன். தோட்டத்துப் பேச்சையும் சொன்னேன். திரையில் அக்காவின் படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அவரு முகத்துக்காக நான் சொல்லலடி" என்றார் பிறகு. "அன்னைக்கு எனக்காக யாரும் எதுவும் கேக்கல. நானாத்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன். நல்லா வாழ்ந்தேன். அத அங்க உள்ளவுங்ககிட்ட சொல்லு."

ஆகவே சொல்லிவிட்டேன். என் தகப்பனார் தம் மகளை எங்கும் விட்டுவிட்டு வரவில்லை. அவள் தங்கினாள். இதை எடுத்துச் சொல்லத்தக்க வயதினர் நம்மில் குறைந்து வருகிறோம். ஐயா, அம்மா, இந்தத் தாள்களைத் தோட்டத்து வாசிகசாலை அலுமாரியில், ஈரம் படாத தட்டில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.